ஒரு வரி கீழே

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. பின்னால் இருப்பவர்களும் முன்னால் நகர்ந்து உட்காருங்கள், என் குரல் முன்போல் எட்டுவதில்லை. இன்று உங்களுக்கு ஒரு வார்த்தையின் கதை சொல்லப்போகிறேன். நம் பாஷையில் இல்லாத ஒரு வார்த்தை ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலில் ஏறி, ஒரு மனுஷனின் முதுகுக்கடியில் படுத்துக்கொண்ட கதை. கொஞ்சம் நெஞ்சைப் பிடிக்கும். பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் இரண்டே அறை. முன்னறை முழுக்கப் பஞ்சு. மெத்தைக்காரி என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பழைய மெத்தையைப் பிரித்து, உள்ளே இறுகிக் கிடக்கும் பஞ்சை இழுத்துப் போட்டு, உதறி, வெயிலில் காயவைத்து, மறுபடி உறைக்குள் திணித்துத் தைத்துக் கொடுப்பாள். முழங்கை நீள ஊசியால் அவள் குத்தி இழுக்கும்போது எதிர்வீட்டுப் பூனை காதை மடக்கிக்கொள்ளும். தலைமுடியில் எப்போதும் நாலு இழை பஞ்சு ஒட்டியிருக்கும். அதனால் அவள் புருஷன் அவளைப் பஞ்சு என்றே கூப்பிடுவார்.

அவர் கொத்தனார். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பின்னறையில் கட்டில், அதன் மேல் அவள் தைத்த மெத்தை, அதன் மேல் அவர். கண்ணாலேயே பார்த்து இந்தச் சுவர் கட்டைவிரல் அளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய மனுஷன், முதல் ஆறு மாதம் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார். கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார்.

அச்சாபீஸில் பிழை திருத்தும் வேலை பார்த்தவர் ஒருவர், புரூஃப் சார், தலையணை தைக்கக் கொடுக்க வந்தார். கட்டிலைப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது ஒரு கைப்புத்தகம் கொண்டுவந்தார். புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்ட கிரேக்க மொழியின் சொற்களை இடது பக்கம் போட்டு, வலது பக்கம் தமிழில் பொருள் எழுதிய சின்னப் புத்தகம். பொழுதுபோகட்டும் என்றுதான் கொடுத்தார். கொத்தனாரோ அந்த எழுத்துகளைச் செங்கல் அடுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டார். அச்சோ பொடி அச்சு. வரி தவறாமலிருக்கத் தன் சிவப்பு மட்டநூலைப் பக்கத்தின் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொள்வார். சுவருக்குப் பிடித்த அதே நூல்.

ஒரு நாள் முன்னறைக்குக் கேட்கும்படி கத்தினார்.

"பஞ்சு! இங்க ஓடிவா! எனக்குன்னே எழுதி வச்சிருக்கான் பாரு!"

அவள் ஊசியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். விழுந்துவிட்டாரோ என்று பயம்.

"உபத்திரவம், உபத்திரவம்னு படிக்கிறோமே, அதுக்கு அந்த பாஷையில த்லிப்ஸிஸ்னு பேரு. என்ன அர்த்தம் தெரியுமா? கீழே தங்கியிருத்தல். இடம் பெயராமை. கேட்டியா? இடம் பெயராமை! நான் சும்மா கிடக்கல புள்ள. நான் அந்த வார்த்தைக்குள்ள கிடக்கேன்."

விழுந்தபின் அவர் சிரித்து அவள் அன்றுதான் பார்த்தாள். உங்களிடம் மறைப்பானேன், அவளுக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வார்த்தையை முதலில் கேட்டவர் சாரக்காரர். கொத்தனார் விழுந்த சாரத்தைக் கட்டியவர் அவர்தான். அந்தக் குற்றவுணர்ச்சியில் வாராவாரம் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட்டு அழுதார். அடுத்த வாரம் மனைவியோடு வந்தார். பிறகு ஜெபக்கூட்டத்து ஆட்கள் நாலு பேர், பிறகு பத்து, அப்புறம் ஞாயிறு மூன்று மணிக்குப் பின்னறையில் கால் வைக்க இடமில்லை. கை வேலை போன மனுஷனுக்கு வாய் வேலை கிடைத்துவிட்டது. கொத்தனாரின் அக்கா தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். வாசலில் நின்று செருப்பு அடுக்குவதும், உள்ளே ஆளை நெருக்கி உட்காரவைப்பதும் அவள் பொறுப்பு.

"தள்ளி உக்காருங்க, இன்னும் ரெண்டு பேருக்கு இடமிருக்கு. எந்தம்பி அந்த கிளிப்பு வார்த்தையச் சொல்லுவான் பாருங்க, உடம்பு சிலிர்த்துடும்."

வருகிறவர்களில் ரொட்டிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் உண்டு. கையிலும் தோளிலும் எப்போதும் புதுத் தழும்பு இருக்கும். அடுப்பு சுட்டுவிட்டது என்பாள். அடுப்பு தோள்பட்டையில் சுடாது என்று மெத்தைக்காரிக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு நாள் கொத்தனாரிடம் மெல்லக் கேட்டாள், "நான் அந்த வீட்லயே இருக்கணுமாண்ணா?" அவர் நூலைத் தடவிக்கொண்டே, "இடம் மாறாம இருக்கறதுதாம்மா அந்த வார்த்தை" என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் பக்கம் திருப்பிப் போடவேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது. முதலில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். ஆட்கள் வரத் தொடங்கியபின் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வந்தவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா பேசுறது? இந்தப் பக்கம் திருப்பினா அந்தச் சுவரைப் பார்க்கணும். எந்தக் கம்மனாட்டி கட்டினானோ, மூலைக்கு மூலை கோணல். அதைப் பார்த்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. என்னை மல்லாக்கவே விடு."

முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் முதலில் ஒரு சிவப்பு. பிறகு பொத்தான் அளவில் ஒரு புண். அவருக்கு அது தெரியாது, வலிக்காதே. அவள்தான் துடைப்பாள், கட்டுவாள், ஊதுவத்தி கொளுத்தி வாடையை மறைப்பாள். ஐந்து மாதத்தில் அது உள்ளங்கை அளவுக்கு வந்தது.

நான் சொல்லவந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்குக் கட்டு மாற்ற நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், ஆனால் கறாரானவள். கட்டைப் பிரித்தாள். குனிந்து பார்த்தாள். கை கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்து, பஞ்சுக் குவியலுக்கு நடுவில் நின்று தணிந்த குரலில் சொன்னாள்.

"அக்கா, எலும்பு தெரியுது. காய்ச்சல் நூத்தி மூணு. விஷம் ரத்தத்துல ஏறிக்கிட்டிருக்கு. இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேக்கணும்."

"நாளைக்குக் காலைல?"

"நாளைக்குன்னு ஒண்ணு இருக்கான்னு எனக்குத் தெரியலக்கா."

மெத்தைக்காரி பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

"எதனால சிஸ்டர் இப்படி ஆச்சு? நான் சுத்தமாத்தானே வச்சிருக்கேன். தினம் ரெண்டு தரம் துடைக்கிறேன்."

"சுத்தமெல்லாம் இல்லக்கா. அழுத்தம். ஒரே இடத்துல உடம்போட கனம் அழுத்திக்கிட்டே இருந்தா அங்க ரத்தம் போகாது, சதை செத்துடும். வலி தெரிஞ்சவன் தானே புரண்டுக்குவான். இவருக்கு வலி தெரியாதே. நீங்கதான் புரட்டணும்."

"வண்டியக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டா வரும். ஆனா அவரு நல்ல நினைவோட இருக்காரு. கையெழுத்துப் போடமாட்டேன்னா எங்களால தூக்கிட்டுப் போகமுடியாது. இப்பத்தான் கேட்டேன், சிரிக்கிறாரு."

மெத்தைக்காரி உள்ளே போனாள். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டிருந்தார். பல் லேசாகக் கிட்டியது.

"என்னங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க."

"போனா என்ன பண்ணுவாங்க? மாசக்கணக்குல குப்புறப் போடுவாங்க. தலையணைக்கா பிரசங்கம் பண்றது?"

"செத்துப்போவீங்க."

"மூணு மணிக்கு அறுபது பேர் வருவாங்க, பஞ்சு. கீழ விழுந்தப்ப என்னைத் தூக்கினவங்க நாலு பேரு. அப்புறம் ஆறு மாசம் சாரக்காரனைத் தவிர ஒருத்தன் எட்டிப் பார்க்கல. இப்ப அறுபது பேரு." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை நெருப்பாகச் சுட்டது. "இடம் பெயராமைன்னு அஞ்சு மாசமா சொல்லிட்டு, ஒரு காய்ச்சலுக்கு நானே பெயர்ந்து போனா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

வாசற்படியில் நின்ற அக்கா சேர்ந்துகொண்டாள்.

"அவன் மனசக் கலைக்காத. விசுவாசமுள்ள பொம்பளையா இருந்தா இந்நேரம் முழங்கால்ல நிப்ப. உனக்குப் பஞ்சு பிச்சுப் பிச்சு எல்லாத்தையும் பிச்சுப் பார்க்கிற புத்தி வந்துடுச்சு."

"அண்ணி, நீங்க அவரு முதுகை ஒரு தடவை பாருங்க."

"தம்பி உடம்பை நான் பார்க்கவா? நல்லாருக்குடி நீ பேசுறது."

மெத்தைக்காரி நர்ஸிடம் வண்டிக்குச் சொல்லி வைக்கச் சொன்னாள். தலைமாட்டில் இருந்த கைப்புத்தகத்தை எடுத்து முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. இந்த வீட்டில் என் பேச்சுக்கு மேலே ஒரு வார்த்தையின் பேச்சு நடக்கிறது, அந்த வார்த்தையையே போய்க் கேட்டுவிடுவோம் என்று ஒரு வேகம்.

புரூஃப் சார் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. துணி உலர்த்த ஆற்றங்கரைப் பக்கம் போனார் என்றார்கள். அங்கே இல்லை. அவள் வெயிலில் அங்குமிங்கும் ஓடி, கடைசியில் அச்சாபீஸின் பின்கட்டில் அவரைப் பிடிக்கும்போது மணி மூன்றை நெருங்கியிருந்தது. ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"சார், இதுல ஒரு வார்த்தையப் படிச்சுச் சொல்லுங்க."

"எந்த வார்த்தைம்மா? பக்கம் என்ன?"

"பக்கம் தெரியாது. மூலை மடிச்சிருக்கும். முதல் எழுத்து, நடுவுல கோடு கிழிச்ச முட்டை மாதிரி இருக்கும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடிப் போட்டார்.

"ஆங், இதோ. த்லிப்ஸிஸ். அழுத்தம். நெருக்குதல். மேலிருந்து நசுக்கும் பாரம்."

"இல்ல சார், கீழே தங்கியிருத்தல்னு இருக்கும். இடம் பெயராமைன்னு."

"அது அடுத்த வரி. அது வேற வார்த்தைம்மா. ஹூப்பொமொனே. பொறுமைன்னு நம்ம தமிழ்ல வரும். ரெண்டும் ஒரே இடத்துல பக்கத்துல பக்கத்துல வர்றதால கீழ கீழ போட்டிருக்கான்."

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப உபத்திரவத்துக்கு?"

"அழுத்தம்."

"வலிக்கணும்னு போட்டிருக்கா சார்?"

"வலியப் பத்தி ஒண்ணும் இல்லியே. ஒண்ணு இன்னொண்ணை அழுத்துறது. அவ்வளவுதான்."

"காலைல நர்ஸ் சொன்ன வார்த்தை சார் இது. அவரு முதுகுல எலும்பு தெரியுது சார்."

நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் பிழிந்த சட்டையை மறுபடி மறுபடி பிழிந்தார்.

"முப்பது வருஷம் அடுத்தவன் பிழையப் பார்த்தே சோறு தின்னேன். நான் குடுத்த புத்தகம்..."

"ஒரு ஞாயித்துக்கிழமைகூட வந்து கேக்கலியே சார் நீங்க."

"ஞாயித்துக்கிழமை நான் துணி துவைப்பேன்மா" என்றார் பாவமாக. "இப்ப என்னை வந்து சொல்லச் சொல்றியா? அத்தனை பேர் முன்னாடி அந்த மனுஷன் தலை குனியணுமா?"

"குனியட்டும் சார். தலை இருந்தாத்தானே குனியும். எழுந்திருங்க."

வழியில் அவர் மூச்சுவாங்கிக்கொண்டே பேசினார். அவருக்கு வார்த்தை என்றால் நிறுத்தத் தெரியாது. இதே வேரிலிருந்து வரும் சொல் இன்னோர் இடத்திலும் உண்டு, கரையில் ஜனக்கூட்டம் தன்னை நெருக்கிவிடப் போகிறது என்று ஆண்டவர் ஒரு படகைத் தயாராக வைக்கச் சொன்ன இடம் என்றார். அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"யாரு? அவரேவா?"

"அவரேதான்."

"நெருக்கினா நெருக்கட்டும்னு இருக்கலியா?"

"இல்லியே. படகு கேட்டார்."

அவள் அதற்குப் பிறகு ஓடவே தொடங்கினாள். புரூஃப் சார் செருப்பு அறுந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

வாசலில் செருப்புகள் தெருவரை வந்திருந்தன. சற்றுத் தள்ளி ஆஸ்பத்திரி வண்டி நின்றது. அதன் பக்கத்தில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் பஞ்சுக் குவியலின் மேல்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கொத்தனாரின் குரல் கேட்டது. நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கேட்டு இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது காய்ச்சல் நடுக்கம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

"பேசிக்கிட்டிருக்கான். முடியட்டும்." அக்கா கையை நிலைப்படியில் குறுக்காக வைத்தாள்.

"வழி விடுங்க அண்ணி."

"முடியட்டும்னேன்."

மெத்தைக்காரி குனிந்து அந்தக் கைக்கு அடியில் நுழைந்துவிட்டாள். புரூஃப் சாரை ஒரு கையால் இழுத்துக்கொண்டாள். மடிந்திருந்த முழங்கால்களுக்கு நடுவே கால் வைத்து வைத்துக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். கொத்தனாரின் உதடு வெடித்திருந்தது. கண் பளபளத்தது.

அவரைப் பார்த்ததும், வழிநெடுக சேர்த்துவைத்திருந்த பேச்சை அவள் அப்படியே விட்டுவிட்டாள். நீங்கள் தப்பு என்று இத்தனை பேர் நடுவே எப்படிச் சொல்வது? ஆறு மாதம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்த முகம் அது.

"என்னங்க," என்றாள், "உங்க நூலைக் குடுங்க."

"பேசிக்கிட்டிருக்கேன், பஞ்சு."

"ஒரே ஒரு வரி பார்த்துட்டுப் பேசுங்க. சார் புத்தகத்தைப் பிடிச்சுக்குவாரு. நூலை நீங்களே வைங்க."

அவர் அவளைப் பார்த்தார். புரூஃப் சாரைப் பார்த்தார். அறுந்த செருப்போடு நிற்கும் அந்த ஆள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டதைப் பார்த்தார். தலையணைக்கடியிலிருந்து நூலை எடுத்தார். இடது பக்கத்து முட்டை எழுத்தின் மேல் ஒரு முனையை வைத்து, மறு முனையை வலது பக்கம் இழுத்தார். கை இறங்கியது. மெத்தைக்காரி அந்த முனையைத் தொடவில்லை. அவரே அதை மறுபடி தூக்கி, விறைப்பாக்கி, கீழே பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். அறையில் யாரோ இருமினார்கள்.

"ஒரு வரி," என்றார்.

"என்னண்ணே?" என்றார் கட்டில் காலைப் பிடித்திருந்த சாரக்காரர்.

"ஒரு வரி கீழ போயிட்டேன்." புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "நான் சொன்னது அந்த வார்த்தை இல்ல. அது இதுக்குக் கீழ இருக்கிற அடுத்த வரி. உபத்திரவம்னா அழுத்தறது. நெருக்கறது. அஞ்சு மாசமா உங்களுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

சலசலப்பு எழுந்தது. "அதுக்கென்னண்ணே, அர்த்தம் ஒண்ணுதானே" என்றார் ஒருவர். "பெரியவங்க சொன்னா எல்லாம் சரிதான்" என்றார் இன்னொருவர். அக்கா, "இவ என்னமோ ஓதிவிட்டுட்டா" என்றாள். அவருக்கு அந்த நேரம் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது, கண்ணுகளா. சரி, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு மேலே பேசியிருக்கலாம். அறுபது பேரும் அதைத்தான் விரும்பினார்கள்.

அப்போது மூலையிலிருந்து ரொட்டிக்கடைப் பெண் எழுந்தாள்.

"அப்ப நான் அந்த வீட்ட விட்டு வரலாமாண்ணா?"

கொத்தனார் அவளைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். வாராவாரம் கண் முன்னால் வந்து உட்கார்ந்த கை அது.

"கூட்டம் நெருக்குதுன்னு ஆண்டவரே படகு கேட்டாராங்க," என்று மெத்தைக்காரி மெல்லச் சொன்னாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "இதே வார்த்தையாம். சார் சொன்னாரு. அவரே நகர்ந்துக்கிட்டாரு. உங்களுக்கென்ன?"

அவர் கண்ணை மூடினார். திறந்தபோது சாரக்காரரைத்தான் பார்த்தார்.

"டேய், நான் கட்டின சுவர் கோணல்னு தெரிஞ்சா என்ன பண்ணுவேன்?"

"இடிப்பீங்கண்ணே."

"எப்ப?"

"அப்பவே. பூச விடமாட்டீங்க."

"ம்." மூச்சை இழுத்துக்கொண்டார். "தாயி, பதில் சொல்ல எனக்குத் தகுதியில்ல. ஆனா சொல்றேன். வந்துடு. இன்னிக்கே வந்துடு." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். "என்னைத் திருப்பு பஞ்சு. எல்லாரும் பார்க்கட்டும். நான் எது மேல படுத்துக்கிட்டுப் பேசினேன்னு பார்க்கட்டும்."

சாரக்காரர் தோளைப் பிடித்தார். அவள் இடுப்பில் கை கொடுத்தாள். கோணல் சுவரைப் பார்த்து அவர் புரண்டார். அவள் கட்டை விலக்கினாள்.

நான் அதை உங்களுக்கு விவரிக்கப்போவதில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். ஒரு பெண் வெளியே ஓடினாள். வாடை வந்தது. தம்பி உடம்பைப் பார்ப்பேனா என்ற அக்கா நிலைப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள்.

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! சுவரோட ஒட்டுங்க! என்ன வேடிக்கை பார்க்கிறீங்க? வழி விடுங்க, எந்தம்பி வெளிய போகணும்!"

ஐந்து மாதம் ஆளை உள்ளே நெருக்கி நெருக்கி உட்காரவைத்தவள், தோளைப் பிடித்துத் தள்ளித் தள்ளி வழி திறந்தாள். நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தாள். கொத்தனார் ஒருக்களித்துப் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். எழுத்து பூச்சி ஊர்ந்தமாதிரி இருந்தது. ரொட்டிக்கடைப் பெண் தன் வீட்டுக்குத் திரும்பவில்லை. பின்னறையை அன்று மாலை கழுவிவிட்டதும், முன்னறையில் படுத்துக்கொண்டதும் அவள்தான். மறுநாள் அவளைத் தேடிவந்த ஆளை வாசலில் நிறுத்திப் பேசியது அக்கா. என்ன பேசினாள் என்று தெரியாது, அந்த ஆள் பிறகு அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

வண்டி புறப்பட்டது. நர்ஸ் மருந்துப் புட்டியை மாட்டிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். பின்னால் இவர்கள் இருவர் மட்டும். ஒருக்களித்துப் படுத்திருந்த அவருக்கு நேரெதிரே அவள் முகம். ஆறு மாதம் அவர் விட்டத்தைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை கிட்டத்தில் இவளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கையிரண்டையும் மடியில் போட்டு, யாரோ கழற்றி வைத்த கைகள்போல் வைத்திருந்தாள்.

அவள் போர்வையைச் சரிசெய்தாள். பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"வலிக்குதாங்க?"

"எனக்கு எங்க வலிக்குது," என்றார். பிறகு கேட்டார், "உனக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை. குனிந்து, அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு, வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்வரை சத்தமில்லாமல் அழுதாள். அவர் அவளை அசைக்கவில்லை.

பிழைத்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? பிழைத்தார். நாலு மாதம் குப்புறக் கிடந்து, இரண்டு தரம் கத்திக்குக் கீழே போய், பாதி உடம்பாகத் திரும்பினார். கூட்டம் அப்புறம் அவ்வளவு வரவில்லை. வந்தவர்கள் வந்தார்கள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எவர் மேல் எந்தப் பாரம் உட்கார்ந்திருந்தாலும் அதைத் தூக்கிவிட இன்னொரு கை பக்கத்தில் இருக்கட்டும். வலிக்குது என்று சொல்பவருக்குக் கேட்கிற காது கிடைக்கட்டும், சொல்லாதவருக்குக் கேள்வி கேட்கிற வாய் கிடைக்கட்டும். உங்கள் பிள்ளைகள் தாராளமான இடத்தில் புரண்டு படுத்து, நன்றாகத் தூங்கி எழட்டும்.